சிறகின் மேல் ஓர் இடம்

கொழும்புக்குப் போக எனக்கென்று ஒரு காரணமும் கிடையாது. பாஸ்போர்ட் இருந்தது, அதுதான் வினை. வங்கியில் உடன் வேலை பார்ப்பவர்கள் எல்லோருமாகச் சிங்கப்பூர் போகலாம் என்று ஒரு சமயம் ஆசைப்பட்டபோது எடுத்தது. சிங்கப்பூர் நடக்கவில்லை. பாஸ்போர்ட் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடந்தது. "கோமுகிட்ட பாஸ்போர்ட் இருக்கே, அவளே அழைச்சுண்டு போகட்டும்" என்று குடும்பம் என்னைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டது.

அழைத்துக்கொண்டு போகவேண்டியது அத்திம்பேரை, அதாவது என் அக்காவின் கணவரை. அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். திருவனந்தபுரம் கோட்டைக்குள் ஒரு அக்கிரகாரத் தெருவில் பிறந்து, அதே தெருவில் வளர்ந்து, அதே தெருவில் பென்ஷன் வாங்குகிறவர். அவருடைய ஒரே பெண் உமா கொழும்பில் இருந்தாள். மாப்பிள்ளைக்கு அங்கே ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. இலங்கையில் சண்டை நின்று, ஊர் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. உமாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. பிரசவத்துக்கு அக்கா முன்னாலேயே போய்விட்டாள். பதினோராம் நாள் பேர் வைக்கிறார்கள். தாத்தா தன் கையால் குழந்தைக்குத் தங்க அரைஞாண் கட்டவேண்டும்.

உமா தொலைபேசியில் சொன்னது எனக்கும் கேட்டது. "வரேன்னு சொல்லாதேங்கோ அப்பா. என் கல்யாண ரிசப்ஷன் சென்னையில நடந்தப்போ, புறப்படற அன்னிக்கு நாள் சரியில்லைன்னு ஆத்துலயே இருந்துட்டேள். நான் மேடையில நின்னுண்டு வாசலையே பாத்துண்டிருந்தேன். இன்னொரு தடவை என்னால வாசலைப் பாக்க முடியாது."

அத்திம்பேர் ரிசீவரை வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். செருப்பை மாட்டிக்கொண்டு நேராக ஜோசியர் வீட்டுக்குப் போனார்.

கரமனை ஜோசியர் ஜாதகத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். ஆனால் கடலைத் தாண்டும்போது இந்த ஜாதகருக்குக் காலுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு சிறகு இருக்கவேண்டுமாம். "பகவானே கருடன் முதுகிலே உக்காந்துண்டுதான் போறார். நீர் மாத்திரம் வெறும் ஆகாசத்துல போவீரோ?" என்று கேட்டாராம். 

ஆகவே விமானத்தில் சிறகுக்கு நேர் மேலே உட்காரவேண்டும். அதற்கு எந்த விமானம், அதில் எந்த வரிசை என்று தெரியவேண்டும். அத்திம்பேர் மொட்டை மாடியில் பாடம் ஆரம்பித்தார். எங்கள் ஊர் விமான நிலையம் கோட்டைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் பாடத்துக்குக் குறைவில்லை. கொழும்புக்குப் போவது ஏர்பஸ் 320. அதற்குக் கிட்டத்தட்ட கூடப்பிறந்தவன் மாதிரி இருப்பது போயிங் 737. இரண்டுக்கும் இரண்டு என்ஜின், இரண்டும் ஒரே உயரமாகத்தான் தோன்றும். கடன் வாங்கிய பைனாகுலரோடு ஒரு வாரம் நின்றதில் அத்திம்பேருக்கு வித்தியாசம் பிடிபட்டுவிட்டது.

"போயிங்குக்கு வால் முதுகோட சேர்ற எடத்துல ஒரு சரிவு இருக்கும், கேட்டியா கோமு. ஏர்பஸ்ஸுக்கு வால் நேரா முளைச்சிருக்கும். அடியிலேர்ந்து பாத்தா இன்னும் எளுப்பமாக்கும். போயிங் சக்கரத்தை மடக்கினாலும் வயத்துல ரெண்டு கறுப்பு வட்டம் தெரியும். ஏர்பஸ் கதவைச் சாத்திண்டுடும்."

அவர் சொன்னது சரிதான். நானும் துணி உலர்த்தும்போது பார்த்தேன். அதன் பிறகு எனக்கும் அந்த வியாதி தொற்றிக்கொண்டது. தலைக்கு மேல் சத்தம் கேட்டால் கறுப்பு வட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த புடவையைப் பிழிவேன்.

புறப்படுகிற நாளும் நல்ல நாள் இல்லை. அதற்கு எங்களவர்களிடம் ஒரு வழி உண்டு. பரஸ்தானம் என்று சொல்வார்கள். நல்ல நாளில் பெட்டியை மட்டும் இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் யாத்திரை அன்றைக்கே தொடங்கியதாகக் கணக்கு. அத்திம்பேரின் பெட்டி இரண்டு நாள் முன்னதாகவே எங்கள் வீட்டுக்கு வந்து ஹாலில் உட்கார்ந்துகொண்டது. பரஸ்தானம் வைத்துவிட்டுக் கிளம்பியவர் போன காரியம் முடியாமல் தன் வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்பது இதில் ஒரு நிபந்தனை. அப்போது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

முதல் நாள், அதாவது பேர் வைப்பதற்கு இரண்டு நாள் முன்னால், விமான நிலையத்தில் இடம் கொடுக்கும் பெண்ணிடம் அத்திம்பேர் சிறகின் மேல் ஓர் இடம் கேட்டார். அவள் மலையாளத்தில் சொன்னதன் சாரம் இது: சிறகு மறைக்காத இடம் வேண்டும் என்றுதான் எல்லோரும் சண்டை போடுவார்கள், சிறகு வேண்டும் என்று கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். சந்தோஷமாகக் கொடுத்தாள். பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்தது. உள்ளே போய்க் கண்ணாடிப் பக்கமாக உட்கார்ந்தோம்.

ஏர்பஸ் வந்து இறங்கியது. வால் நேராக முளைத்திருந்தது. அத்திம்பேர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். ஆனால் யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. சிப்பந்திகள் நாலைந்து பேர் ஒரு என்ஜினைச் சுற்றி நின்று அண்ணாந்து பார்த்தார்கள். இறங்கும்போது ஒரு பருந்து மோதிவிட்டதாம். கடற்கரையை ஒட்டிய ஊர் என்பதால் இங்கே அது புதிதில்லை. விமானம் இன்றைக்கு நகராது என்று ஓர் அதிகாரி வந்து சொன்னார்.

அத்திம்பேர் எழுந்து அவர் அருகில் போனார். "அந்தப் பருந்துக்குக் கழுத்து வெள்ளையா?" வெள்ளைக் கழுத்து என்றால் கருடன்.

அதிகாரி என்ஜின் பக்கம் திரும்பிப் பார்த்தார். "சாரே, இப்போ அதுக்குக் கழுத்தே இல்லை" என்றார்.

புறப்பாட்டு முத்திரையின் மேல் ரத்து என்று இன்னொரு முத்திரை குத்தி எங்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். வெளியூர்க்காரர்களுக்கு ஹோட்டல், உள்ளூர்க்காரர்கள் வீட்டுக்குப் போய் நாளைக் காலை வரலாம். ஆட்டோவில் ஏறினால் கால் மணியில் வீடு. நான் பையைத் தூக்கினேன்.

"எங்க போறே?" என்றார் அத்திம்பேர்.

"ஆத்துக்கு."

"பரஸ்தானம் வெச்சாச்சு. இப்போ வாசப்படி மிதிச்சா யாத்திரை நடக்காது. உங்காத்துக்கும் போகக்கூடாது, பெட்டி அங்கேர்ந்துதான் புறப்பட்டது." பிறகு ஹோட்டல் சீட்டு கொடுக்கிறவரிடம் போய் நின்றார். அந்த ஆள் எங்கள் விலாசத்தைப் பார்த்து, நீங்கள் இந்த ஊர்தானே என்றார். "இந்த ஊர்தான். ஆனா ரெண்டு நாள் முன்னாடியே புறப்பட்டுப் போயாச்சு" என்று அத்திம்பேர் பொறுமையாக விளக்கினார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்ததால் சீட்டு கிடைத்தது.

ஹோட்டல் விழிஞ்ஞத்துக்குப் பக்கத்தில். வேன் கோட்டை வழியாகத்தான் போயிற்று. எங்கள் தெரு முனை நெருங்கியதும் அத்திம்பேர் அங்கவஸ்திரத்தைத் தலையில் போட்டு முகத்தை மூடிக்கொண்டு என் தோளில் சாய்ந்துவிட்டார். வாசலை மிதிக்கக்கூடாது என்றால் பார்க்கவும் கூடாதாம். "தாண்டிடுத்தா, தாண்டிடுத்தா" என்று துணிக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டே வந்தார். அந்த நேரம் பார்த்துச் சிக்னலில் வேன் நின்றது. பக்கத்தில் ஸ்கூட்டரில் எங்கள் தெருக் கணபதி. ஜன்னல் வழியாக என்னையும், துணி மூடிச் சாய்ந்திருந்த அத்திம்பேரையும் பார்த்தான். நான் கையை ஆட்டினேன். அவன் வாயைத் திறந்து மூடினான்.

ஹோட்டல் முழுக்க வெள்ளைக்காரர்கள். எண்ணெய் வழிய வழிய ஆயுர்வேத சிகிச்சைக்கு நடந்துகொண்டிருந்தார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அத்திம்பேர் தயிர்சாதம் கேட்டார். திராட்சை, மாதுளை, வெள்ளரிக்காய், பெயர் தெரியாத ஓர் இலை எல்லாம் போட்டு வந்தது. ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரத்தில் வைத்தார். சாதத்தைவிட ஓரம் உயரமாகிவிட்டது. "வெளிநாடு போனா சாப்பாடு சிரமம்தான்னு சொல்லுவா" என்றார். நாங்கள் வீட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு மைல் தள்ளி இருந்தோம்.

கொழும்புக்கு விஷயம் சொல்ல ஹோட்டல் தொலைபேசியில் கூப்பிட்டேன். உமாதான் எடுத்தாள். "சித்தி, அப்பாவுக்கு என்ன? மயக்கமா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதை கணபதி மாமா பாத்தாராமே. தெருவே இங்க போன் பண்ணிடுத்து." நான் நடந்ததைச் சொன்னேன். ஹோட்டல் என்றதும் "எந்த ஊர்ல ஹோட்டல்?" என்றாள். வீடு இருக்கும் ஊரில் ஹோட்டலில் தங்கியிருக்கிறார் என்பதை நானே சொன்னாலும் நான் நம்பமாட்டேன். கடைசியில் உமா சொன்னாள்: "வராம இருக்கறதுக்கு அப்பா ஒவ்வொரு தடவையும் புதுசா ஒண்ணு கண்டுபிடிக்கறார்."  எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியாததால் திராட்சையை எல்லாம் நானே தின்றேன்.

மறுநாள் காலை அத்திம்பேர் துறைமுகத்தைப் பார்க்கவேண்டும் என்றார். அறுபது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறார், விழிஞ்ஞம் பார்த்ததில்லை. படகுகள் வரிசையாக நின்றன. மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். "நம்ம ஊர்ல இப்படியெல்லாம் கிடையாது" என்றார். 

காலைச் சாப்பாட்டு மேஜையில் ஒரு ஜெர்மன் அம்மாள், திருவனந்தபுரத்தில் பார்க்க என்னென்ன உண்டு என்று அவரிடம் கேட்டாள். அவள் கேட்டதையும் இவர் சொன்னதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். "நான் வழிப்போக்கன். இங்கே யாரையாவது கேளுங்கள்" என்றார்.

இரண்டாம் நாள் வந்த விமானம் கறுப்பு வட்டக்காரன். கண்ணாடிக்கு வெளியே அது திரும்பியபோதே அத்திம்பேர் எழுந்துவிட்டார். "முதுகுல சரிவு பாரு. இது போயிங். மாத்திட்டா." என் பக்கத்தில் இருந்தவர் ஒரு விமானம் போனால் இன்னொன்று, என்ன இப்போது என்றார். என்ன இப்போதா? வரிசை எண் அதேதான், ஆனால் இந்த விமானத்தில் அந்த வரிசை சிறகுக்கு முன்னால் வந்து நின்றது. உள்ளே ஏறி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தோம். கீழே வெறும் சிமெண்டுத் தரை.

சிறகின் மேல் இருந்த இடத்தில் ஒரு இலங்கைத் தமிழ் அம்மாள் உட்கார்ந்திருந்தார். பரமேஸ்வரி என்று பெயர். எங்கள் ஊர்ச் சாலைக் கடைத்தெருவில் நைட்டியும் புடவையும் மொத்தமாக வாங்கிப் போய்க் கொழும்பில் விற்கிறவர். அத்திம்பேர் அவரிடம் ஜாதகம், ஜோசியர், கருடன் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். அந்த அம்மாள் முழுக்கக் கேட்டார்.

"ஐயா, நீங்கள் இதில இருங்கோ. எனக்கு எங்கை இருந்தாலும் ஒண்டுதான். நான் ஏறின உடனை நித்திரை கொண்டிடுவன்."

அத்திம்பேர் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே சிறகு அகலமாக விரிந்து கிடந்தது. இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அரைஞாண் அங்கேதான் ஒரு பட்டுத்துணியில் முடிந்திருந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அக்கா கல்யாணத்திலும் பார்த்ததில்லை.

அரை மணி கழித்து எல்லோரும் இறங்கவேண்டும் என்றார்கள். துபாய்க்குப் போகவேண்டிய கூட்டம் முந்தைய நாளிலிருந்து காத்திருக்கிறது, அவர்களுக்கு விசா முடியப்போகிறது, இந்த விமானத்தை அங்கே அனுப்புகிறோம், உங்களுக்கு நாளைக் காலை வேறொன்று வரும். இதுதான் சேதி.

கேரளத்தில் விமானத்துக்குள்ளே இருந்தாலும் கேரளம்தான். கண் மூடித் திறப்பதற்குள் ஒரு போராட்டக் குழு அமைந்தது, தலைவர் தேர்ந்தெடுக்கப்பட்டார், நடைபாதையில் முழக்கம் தொடங்கியது. அதுவும் எதுகை மோனையோடு. தலைவர் ஆற்றிங்ஙலில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். எல்லோரும் எழுந்து நின்று கத்திக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் பெல்ட்டைக்கூட அவிழ்க்காமல் கண்ணை மூடி உட்கார்ந்திருந்ததைத் தலைவர் கவனித்துவிட்டார். "இந்தப் பெரியவரைப் பாருங்கள். அசையமாட்டார். இவர்தான் உண்மையான சத்தியாக்கிரகி" என்று மலையாளத்தில் அறிவித்தார். அத்திம்பேருக்கு ஜிந்தாபாத் சொன்னார்கள். யாரோ இளநீர் கொண்டுவரச் சொன்னார்கள். அத்திம்பேர் அதிகாரத்துக்கு எதிராக வாழ்நாளில் ஒரு வார்த்தை பேசியவர் அல்ல. சிறகை விட மனமில்லை, அவ்வளவுதான்.

பிறகு கம்பெனி அதிகாரி சாப்பாடும் ஹோட்டலும் தருவதாகச் சொன்னதும் குழுவில் பிளவு ஏற்பட்டு எல்லோரும் இறங்கினார்கள். தலைவர்தான் முதலில் இறங்கியவர். அத்திம்பேர் மட்டும் இருந்தார். விமானப் பணிப்பெண் என்னைப் பார்த்தாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அத்திம்பேர், இந்த றெக்கை இப்போ துபாய் போறது. இதுமேலேயே உக்காந்திருந்தா சௌக்கியமா துபாய்ல போய் இறங்குவேள். உமா கொழும்புல இருக்கா."

வெகுநேரம் சிறகையே பார்த்துக்கொண்டிருந்தார். பெல்ட்டை அவிழ்த்தார். "நாளைக்குத்தான் பேர் வைக்கறா" என்றார். "தெரியும்" என்றேன். 

அன்றைக்கும் அதே வேன், அதே சிக்னல், அதே அங்கவஸ்திரம். அன்றைக்கும் மாதுளை.

மூன்றாம் நாள் காலை வானம் இருட்டிக்கொண்டிருந்தது. கொழும்பில் முகூர்த்தம் நடுப்பகலுக்கு முன். விமானம் சரியாகக் கிளம்பினால் போய்ச் சேரலாம், பறக்கும் நேரம் ஒரு மணிக்குக் கொஞ்சம் கூடத்தான். எல்லோரும் கண்ணாடிப் பக்கமாக நின்றோம். மேகத்திலிருந்து ஒன்று இறங்கி ஓடிவந்தது. எங்களை நோக்கித் திரும்பியது.

பாடத்திட்டத்திலேயே இல்லாத கேள்வி. வாலைப் பார்க்கவோ வட்டத்தைப் பார்க்கவோ ஒன்றும் இல்லை. குட்டி விமானம், உடம்புக்கு இரண்டு பக்கமும் காற்றாடி. முந்தின நாள் தலைவராக இருந்த ஆற்றிங்ஙல்காரர் அது ஏ.டி.ஆர். என்றார், இன்னொருவர் ஃபோக்கர் என்றார், சக்கரம் வயிற்றுக்குள் மடங்குமா என்ஜினுக்குள் மடங்குமா என்று இருவருக்கும் விவாதம். அத்திம்பேருக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. அவர் பார்த்தது ஒன்றைத்தான்.

"கோமு. றெக்கை மேல இருக்கு."

ஆமாம். சிறகு விமானத்தின் முதுகில் குறுக்கே வைத்தாற்போல இருந்தது. ஜன்னல்கள் எல்லாம் அதற்குக் கீழே. இந்த விமானத்தில் முதல் வரிசையோ கடைசி வரிசையோ, எங்கே உட்கார்ந்தாலும் சிறகின் மேல் உட்கார முடியாது. உட்காரவேண்டுமானால் கூரையில்தான்.

ஓரமாக ஒரு தொலைபேசி இருந்தது. ஜோசியர் வீட்டுக்குப் போட்டேன். மாமி எடுத்தாள். ஜோசியர் சுசீந்திரம் போயிருக்கிறார், சாயங்காலம்தான் வருவார். ரிசீவரை அத்திம்பேர் வாங்கி மாமியிடமே எல்லாவற்றையும் சொன்னார். மாமியின் குரல் எனக்கும் கேட்டது. "றெக்கை மேல இருந்தா நன்னாத்தானே இருக்கு. வெயில் படாதே."

"மாமிக்கு என்ன சாஸ்திரம் தெரியும்" என்று அத்திம்பேர் ரிசீவரை வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். "நீ போ கோமு. அரைஞாணை நீ கட்டிடு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு நாள் ஹோட்டலில் உட்கார்ந்து மாதுளை பொறுக்கியது இதற்காகவா என்று கத்தவேண்டும் போல இருந்தது. "கட்டமாட்டேன். அவ வாசலைப் பாத்துண்டு இருப்பா. வாசல்ல நான் வந்து நிக்கறதுக்கா? நீங்களே அவகிட்ட சொல்லிக்கோங்கோ" என்றேன். பரமேஸ்வரி அம்மாள் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "மழை வரப்போகுது, முதல்ல வெளியாலை வாங்கோ. ஏறுறதைப் பிறகு பாப்பம்" என்று அத்திம்பேரின் பையை எடுத்துக்கொண்டு நடந்தார். பை போனதால் அத்திம்பேரும் பின்னால் போனார்.

வெளியே நடந்துதான் போகவேண்டும். பாதி தூரம் போவதற்குள் மழை கொட்டிவிட்டது. எங்கள் ஊர் மழைக்கு முன்னறிவிப்பு கிடையாது. ஏணி விமானத்தின் வால் பக்கம். எல்லோரும் முந்தானையும் பையும் தலையில் வைத்துக்கொண்டு அங்கே ஓடினோம். ஏணியில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். அத்திம்பேர் வரவில்லை. சிறகுக்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தார். காற்றாடி நின்றுதான் இருந்தது, ஆனாலும் ஒரு சிப்பந்தி விசில் ஊதி ஊதிக் கூப்பிட்டான்.

அவரைச் சுற்றி எங்கும் தண்ணீர். சிறகின் இரண்டு ஓரத்திலிருந்தும் ஓட்டு வீட்டு வாசல் மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு பட்டை அளவு தரை காய்ந்து கிடந்தது. அவர் அண்ணாந்து பார்த்தார். வேட்டியைத் தொட்டுப் பார்த்தார். அங்கவஸ்திரத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நனைந்துகொண்டே ஏணிக்கு வந்து, சொட்டச் சொட்ட என்னிடம் சொன்னார்.

"அங்க நிக்கறச்சே மேல ஒரு துளி விழலை, கோமு."

உள்ளே போய் சிறகுக்கு நேர் கீழே இருந்த ஜன்னலோரம் உட்கார்ந்தார். அங்கிருந்தவரை எழுப்பிவிட்டுத்தான். அது பாத்திரக் கடைத் தலைவர். சத்தியாக்கிரகிக்கு இடம் கொடுப்பதில் அவருக்குப் பெருமை. விமானம் கிளம்பி, ஆடி, மேகத்துக்குள் விழுந்து எழுந்து போயிற்று. பரமேஸ்வரி அம்மாள் சொன்னபடியே தூங்கிவிட்டார். அத்திம்பேர் வழி முழுக்க மேலே சிறகையே பார்த்துக்கொண்டு வந்தார், கீழே கடலைப் பார்க்கவில்லை.

கொழும்பில் வெயில். வேறு நாட்டுக்குப் போன மாதிரியே இல்லை, நம் ஊர்ப் பக்கம்தான். அதே தென்னை, அதே செவ்விளநீர், அதே ஓட்டு வீடுகள். வழியில் துப்பாக்கியோடு ஆட்கள் நின்றிருந்த காவல் சாவடிகள் மட்டும் நம்மிடம் இல்லாதவை. ஒவ்வொன்றிலும் கார் நின்றது. ஒவ்வொன்றிலும் அத்திம்பேர் கடிகாரத்தைப் பார்த்தார். வெள்ளவத்தையில் கடலோரத் தெருவில் மாடி வீடு. ஏணிப்படி ஏறும்போது மந்திரச் சத்தம் கேட்டது.

கதவு திறந்திருந்தது. உமா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். வேண்டுமென்றேதான் அப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்த்ததுமே தெரிந்தது. அக்கா எங்களைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அத்திம்பேர் காலை அலம்பிக்கொண்டு போய், இடுப்பில் இருந்த பட்டுத்துணியை அவிழ்த்து, உமாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஈர வேட்டி அவள் மேல் பட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நேரம் தப்பலையே?" என்றார்.

உமா அழுதாள். அக்கா அழுதாள். நானும் அழுதேன். குழந்தை மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது. அரைஞாணைக் கட்டுவதற்கு அத்திம்பேருக்கு வெகுநேரம் ஆயிற்று. அவசரப்படுத்த யாருக்கும் மனமில்லை.

அடுத்த நாட்கள் சுகமாகப் போயின. இடியாப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் காலையில். தேங்காய்ச் சம்பல் என்றால் அதில் மாசிக் கருவாடு இருக்குமோ என்று அத்திம்பேர் ஒவ்வொரு தடவையும் மோந்து பார்த்தார். மாதுளை இல்லாத தயிர்சாதம் கிடைத்தது. பரமேஸ்வரி அம்மாள் ஒரு நாள் வந்து குழந்தைக்கு ஒரு சட்டை கொடுத்துவிட்டுப் போனார், சாலைக் கடைத்தெருவில் வாங்கியது.

என் லீவு முடிந்தது. திரும்பும் நாளுக்கு முந்தின மாலை கம்பெனியிலிருந்து கூப்பிட்டு, எல்லாம் சரியாகிவிட்டது, நாளைக்குப் பெரிய விமானம்தான் என்றார்கள்.

"என்ன ப்ளேன்?" என்றார் அத்திம்பேர். குழந்தை அவர் மடியில் இருந்தது.

"ஏர்பஸ். றெக்கை மேலேயே சீட்டு கேட்டு வாங்கிடலாம்."

"ஏர்பஸ்ஸுக்கு றெக்கை கீழேன்னா இருக்கு. நான் வந்தது றெக்கைக்குக் கீழ உக்காந்துண்டு. வந்த மாதிரியேதான் திரும்பணும். மாத்திப் போகக்கூடாது."

"ஜோசியர் என்ன சொன்னார்?"

"ஜோசியர் போறதுக்குத்தான் சொன்னார். திரும்பறதுக்குச் சொல்லலை." அக்காவைப் பார்த்தேன். அக்கா சமையலறைக்குள் போய்விட்டாள். அங்கே அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

நான் தனியாக வந்தேன். சிறகின் மேல்தான் இடம் கொடுத்தார்கள், கேட்காமலே. கடல் ஒன்றும் தெரியவில்லை.

அதன் பிறகு அத்திம்பேர் வாரம் ஒரு தடவை கொழும்பிலிருந்து கூப்பிடுவார். "இப்போ என்ன ப்ளேன் விடறா?" என்பார். ஏர்பஸ் என்பேன், சில சமயம் போயிங் என்பேன். "அப்படின்னா இன்னும் கொஞ்சம் பாக்கலாம்" என்று உடனே வைத்துவிடுவார். விசாவை நீட்டிக்க மாப்பிள்ளை அலைந்தார்.

ஒரு நாள் ராத்திரி கூப்பிட்டது உமா. "சித்தி, இன்னிக்கு சாயங்காலம் அப்பாவும் குழந்தையும் மாடியில இருந்தா. தலைக்கு மேல ஒரு சின்ன ப்ளேன் போச்சு. ரெண்டு காத்தாடி, முதுகுல றெக்கை. எனக்கே நன்னாத் தெரிஞ்சது. அப்பாவும் அண்ணாந்து பாத்தார்."

"என்ன சொன்னார்?"

"ஏர்பஸ்னு சொல்லிட்டு, குழந்தையைத் தூக்கிண்டு உள்ள போயிட்டார்."